கொத்தமல்லிக்குச் சோப்பு

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்துகொண்டிருந்தது. தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அந்த வூட்ல கொத்தமல்லிக்கே சோப்பு போட்டுக் கழுவணும்க்கா."

திரும்பினேன். பேசியவள் இரும்புலியூர் ஃபிளாட் ஒன்றில் வீட்டு வேலை செய்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தது, காலி மீன்கூடையோடு நின்ற அக்கா.

"நான் போனா வாசல்லயே நிக்கவெச்சி, தலையிலேர்ந்து கால் வரைக்கும் மருந்து அடிப்பாங்க. அதுவும் போதலன்னு, 'உன்னாலதான் கிருமி வரும், இனிமே வராத'ன்னு நிறுத்திட்டாங்க."

"அப்பால?"

"சார் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தாரு. மொத்த வூடும் ஜுரத்துல படுத்துடுச்சி."

"அய்யய்யோ! இப்ப எப்டி கீறாங்களாம்?"

"தேவலயாம். காலையில மேடம் போன் பண்ணி ஒரே அழுகை. எதிர் வூட்டுக்காரங்க இவங்களப் பாத்தா கதவ சாத்திக்கிறாங்களாம். பால்காரர் படிக்கட்டுலயே பாக்கெட்ட வெச்சிட்டு ஓடுறாராம். 'எல்லாரும் எங்கள ஒதுக்கிட்டாங்க தனம், மனசு எவ்ளோ வலிக்குது தெரியுமா'ன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

அவள் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"'தெரியும் மேடம்'னேன்."