ஜோஸ்பினின் கடைவாய்ப் பல்

ஜெஸி: அந்தத் தையல் மெஷினக் கொஞ்சம் நிறுத்துங்கக்கா. நான் ஒருத்தி இங்கன கத்திட்டுக் கெடக்கேன்...

சுலைகா: நிறுத்திட்டேன்ளா. சொல்லு. ஜோஸ்பினுக்கு என்னவாம்? மாஹிம் டாக்டரம்மா என்ன சொன்னாவ?

ஜெஸி: கிறிஸ்மஸ் கேரல் தொடங்குறதுக்கு முன்னால ஒரு பல்லு அடச்சோம்லா, கடைவாய்ப் பல்லு... அடச்சது பேந்து வந்துட்டு. உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? டாபி.

சுலைகா: டாபியா?

ஜெஸி: டாபிதான். கண்ணாடிய வச்சு எனக்கே காட்டுனாவ. அப்படி வெக்கமாப் போச்சு.

சுலைகா: பால்பல்லுதானளா. விழுந்தா மொளைக்கும்.

ஜெஸி: நானும் அதத்தான் சொன்னேன். ஒரு பிடி பிடிச்சிட்டாவ. கடைவாய்ப் பால்பல்லு பத்து வயசு வரைக்கும் நிக்கணுமாம். முன்னாலயே புடுங்குனா பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்து அந்த எடத்தப் புடிச்சிக்கிடுமாம்.

சுலைகா: நம்ம ஒத்த ரூம் கோலில பக்கத்து வீட்டுக்காரன் சாமான் வைக்கிற மாதிரி.

ஜெஸி: சிரிக்காதீயக்கா. மறுபடி டாபி உள்ள போச்சுன்னா புடுங்கத்தான் வேணும்னுட்டாவ. ஆறு வயசுப் புள்ள... ஊசியப் பாத்ததும் எங்கழுத்தக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்கா.

சுலைகா: ...அப்போ இனி மிட்டாயே ஆகாதா?

ஜெஸி: அப்படிச் சொல்லல. பண்டிகைக்குத் திங்கட்டும்னாவ. சோறு தின்ன கையோட ஒண்ணத் தின்னுட்டு வாயக் கொப்பளிக்கணும். ராத்திரி பல்லு தேச்சபெறகு தண்ணியத் தவிர ஒண்ணும் கூடாது. இந்த ஒட்டுற டாபியக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு நாள் பூரா அலையுதுகள்லா... அதுதான் பல்ல அரிக்காம்.

சுலைகா: கேரல்ல வந்ததா இருக்கும். தாத்தா வேசம் போட்டு அந்த சாஜன் பய வாளி வாளியா வீசிட்டுப் போனானே.

ஜெஸி: நான் வாசல்லயே நின்னேன்க்கா. அவ கையில விழுந்தத அப்பவே புடுங்கிட்டேன். சண்டே கிளாஸ்ல கொடுத்தது, அவ அப்பா ஆபீஸ்ல கொடுத்தது... ஒண்ண விடல.

சுலைகா: புடுங்கி?

ஜெஸி: ...ஒதுக்கிட்டேன். அத விடுங்க.

சுலைகா: அப்போ அவ அப்பா தனசீலன் தம்பிதான் கள்ளத்தனமா வாங்கிக் கொடுத்திருக்கும். ஆம்பளையளுக்குப் பொம்பளப்புள்ள மூஞ்சி சுண்டுனாத் தாங்காது.

ஜெஸி: அவியளா! டெய்லி பிரஷப் புடிச்சிட்டு அவ பின்னால ஓடுததே அவியதான். காலைல அவியளயும் கேட்டுட்டேன். என்னையவா சந்தேகப்படுதன்னு டிபன கூடத் தொடாம ட்ரெயினுக்கு ஓடிட்டாவ.

சுலைகா: அடப் பாவமே... ஜோஸ்பின் என்ன சொல்லுதா?

ஜெஸி: வாயே தொறக்க மாட்டேங்கா. ஒரு பக்கம் வலி. ஒரு பக்கம், சொன்னா இனி கெடைக்காதேன்னு...

சுலைகா: அடிச்சியா?

ஜெஸி: ...ஒண்ணு போட்டேன். வலிக்கிற புள்ளையப் போயி அடிச்சிட்டேன்க்கா.

சுலைகா: அடிக்காதளா. அவள அடிக்காத.

ஜெஸி: ...உங்க பரீஹா எப்படிக்கா இருக்கா? பல்லு கில்லு வலிக்குன்னு...

சுலைகா: அவளுக்கென்ன? ஏன் கேக்க?

ஜெஸி: சும்மாதான்... ராத்திரி பல்லு தேய்க்காளா?

சுலைகா: தேய்க்கா, தேய்க்கா. டாபி கீபி நான் வாயில வைக்கவே விடுததில்ல.

ஜெஸி: ஒண்ணு கூடவா?

சுலைகா: ஒண்ணு கூட... ஏளா, எதுக்கு அப்படிப் பாக்க?

ஜெஸி: இல்ல... பரீஹாவுக்குன்னு முந்திரிக்கொத்தோட டாபியும் வச்சு நான்தான கொண்டாந்து கொடுத்தேன். ரெண்டு மூணு தடவ.

சுலைகா: ...வந்துச்சு.

ஜெஸி: புடிக்கலியோன்னு நெனச்சேன். தட்டு வெறும் தட்டாவே திரும்பி வந்துச்சா... ஒரு பழமாச்சும் வைக்காம அக்கா அனுப்ப மாட்டாவளே, நம்ம மேல என்ன கோவமோன்னு அவியட்ட கூடச் சொன்னேன்.

சுலைகா: வெறும் தட்டா? யாரு சொன்னா?

ஜெஸி: யாரு சொல்லணும்? ஜோஸ்பின்தான கொண்டு வந்தா. கண்ணால பாத்தேன்லா.

சுலைகா: யா அல்லா...

ஜெஸி: என்னக்கா?

சுலைகா: நான் வெறும் தட்டு அனுப்பலளா. அடுத்த வீட்டுத் தட்ட வெறுமன அனுப்ப எங்கையி வருமா? டாபி வச்சுத்தான் அனுப்புனேன்.

ஜெஸி: எந்த டாபி?

சுலைகா: ...நீ கொடுத்ததேதான். பரீஹாவுக்குப் புதுப் பல்லு மொளைக்குது, கெட்டுப் போயிருமோன்னு பயம். வேண்டாம்னு சொன்னா நீ சங்கடப்படுவ. தூர எறியவும் மனசு வரல. அதான் ஜோஸ்பின் வந்தப்போல்லாம் தட்டுல வச்சு, கொண்டு போளான்னு... அவ ஏணிப்படியிலயே உக்காந்து தின்னு முடிச்சிருக்கா.

ஜெஸி: நான் கொடுத்ததயா?

சுலைகா: ஆமாளா. எம்புள்ள பல்ல மட்டுந்தான் நெனச்சேன். உம்புள்ளைக்கும் பல்லு இருக்கேன்னு ஒரு நிமிசம் தோணலியே எனக்கு... ஏசணும்னா ஏசிரு.

ஜெஸி: நான் எப்படிக்கா உங்கள ஏச? அது கடையில வாங்குன டாபி இல்ல... ஜோஸ்பின் பல்லு கெட்டுரும்னு அவ கையிலருந்து புடுங்குனேன்லா, அதத்தான் உங்க புள்ளைக்குன்னு கொண்டாந்து கொடுத்தேன்.