பழைய மெஷினை ஆன் செய்தது நான்

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தேழு. படிப்பு பத்தாம் வகுப்பு. தேறினேனா என்று போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன், கணக்கில் பதினேழு மார்க். பொது மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்து வருகிறேன். அங்கே எல்லோருக்கும் நான் ஏசி மாமா. மனைவி காலமாகி எட்டு வருடம் ஆகிறது. எங்களுக்கு ஒரே மகள். அதே மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இன்ஜினியராக இருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ நான் இங்கே வரவில்லை. வந்திருப்பது என் மகளுக்கும் தெரியாது. பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மருத்துவமனையில் எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்ற விவரமெல்லாம் பத்தொன்பது வருடமாக ஒரே மெஷினில்தான் இருந்தது. பீரோ அளவு இருக்கும். யூனிக்ஸ் என்ற பழைய சிஸ்டத்தில் ஓடுகிறது என்று மகள் சொல்வாள். நாங்கள் அதைக் கிழவன் என்போம். கிழவனுக்கு உதிரி பாகம் கிடைக்காமல் போய், அதிலுள்ள புரோகிராமும் இப்போது வருகிற சிஸ்டங்களில் ஓடாது என்று ஆனதால், என் மகள் நான்கு மாதம் உழைத்து, புதிதாக வந்த மெஷினுக்குள் பார்ட்டிஷன் என்று ஒரு தடுப்பு உண்டாக்கி, அந்தப் பழைய சிஸ்டத்தை உள்ளது உள்ளபடி அதற்குள் ஓட வைத்தாள். எனக்குப் புரியும்படி இப்படிச் சொன்னாள்:

"கிழவனோட உடம்புதான்ப்பா போகுது. உள்ள இருக்கிறதைப் புது வீட்டுல ஒரு ரூம்ல குடி வச்சிட்டேன். வீடு மாறினதே அதுக்குத் தெரியாது."

"அப்போ ஒண்டுக் குடித்தனம்னு சொல்லு."

"ஆமா. ஆனா பக்கத்து போர்ஷன் சண்டை கேக்காது. நம்ம வீடு மாதிரி இல்ல."

இந்த மாதம் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, என் மகள் பழைய மெஷினை அணைத்து, அதன் நெட்வொர்க் ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நான்கு மூலையிலும் டேப் போட்டு அதன்மேல் ஒட்டினாள். 'இதை யாரும் ஆன் செய்யக்கூடாது' என்பது முதல் வரி. நான் ஏணியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். "ஏன்னா, இப்போ ரெண்டுக்கும் ஒரே..." என்று அவள் காரணம் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் நான், "எந்திரிச்சா பென்ஷன் கேக்கும்னு பயமா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகு போன் வந்தது, போய்விட்டாள். அந்தக் காரணத்தை நான் கேட்கவில்லை. ஜோக்கைச் சொன்ன திருப்தியில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். எழுத்தர் இதை எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை புதிய மெஷின் பத்து நிமிடம் தடுமாறியது. அன்று கேன்டீனில் மருந்தாளுநர் எல்லோரும் கேட்க, "மாமா, நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை உங்க பொண்ணு நோண்டி வச்சிருச்சு" என்றார். "சின்ன வயசுல வீட்டு ரேடியோவையும் இப்படித்தான் சார்" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். மாலை வீட்டில் மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல், மேசைமேல் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்றதற்கு ஒன்றும் இல்லை என்றாள்.

என் தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கம்ப்யூட்டர் அறைக்கு எப்போதும் இரண்டு ஏசி. ஒன்று ஓடும், இன்னொன்று தயாராக நிற்கும். முதலாவது நின்றால் அடுத்தது எடுத்துக்கொள்ளும், அறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டிலும் நான் அப்படித்தான். மகள் எழுதிய எல்லாப் பரீட்சைக்கும் வாசலில் இரண்டு பேனாவோடு நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் வெளியே வந்து வாங்கியதில்லை. "ஸ்பேர் அப்பா" என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருக்கிறாள்.

பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, மகள் மீட்டிங்குக்குப் போயிருந்த நேரத்தில், ஏசி ஃபில்டரைத் தட்டுவதற்காக அந்த அறைக்குள் போனேன். ஃபில்டரைத் தட்டினேன். அதன் பிறகு, புதியது மறுபடி தடுமாறினால் பழையது தயாராக இருக்கட்டும், என் மகளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்து, தாளைக் கிழியாமல் உரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழைய மெஷினின் சுவிட்சைப் போட்டேன். ஒயர் இல்லாமல் ஸ்பேர் எப்படி வேலை செய்யும் என்று எனக்கே பெரிய அறிவாளி போலத் தோன்றி, ஆணியிலிருந்து அதையும் எடுத்துச் சொருகினேன். பச்சை விளக்கு சிமிட்டியது. கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக வந்தேன்.

அதன் பிறகு பதினொன்று இருபதுக்குப் பெண்கள் வார்டில் ஏசி காற்று நேராக அடிக்கிறது என்று கூப்பிட்டதால் போனேன். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக ஒரு தையற்காரப் பெண் இருந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மடியில் ஒரு சின்ன ஸ்கூல் கவுனை வைத்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் காற்றுப் பலகையை மேலே திருப்பினேன்.

"இப்போ சரியா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குண்ணே. கத்திரி இருந்தா குடுங்க, நர்ஸம்மா பிடுங்கி வச்சுக்கிட்டாங்க."

கத்திரி இல்லாததால் என் ஒயர் கட்டரால் நூலை வெட்டிக் கொடுத்தேன். "ஆபரேஷனும் இதுலதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்போது நர்ஸ் வந்து, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். ஒரு ஊசியின் பெயரைச் சொல்லி, பிரசவத்தின்போது அதைப் போட்டதும் தொண்டை வீங்கி மூச்சு நின்றுபோய்ப் பிழைத்ததாக அந்தப் பெண் சொன்னார். நர்ஸ் உடனே வார்டு மேசைக் கம்ப்யூட்டரில் அதை அடித்தார். அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். நர்ஸ் பதியவே இல்லை என்று சிலர் பேசி, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு.

அவர் அடித்தது பழைய மெஷினுக்குள் போய்விட்டது. பழையதற்கும் புதியதற்கும் ஒரே பெயர், ஒரே விலாசம். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால் எந்தத் தபால் எந்த வீட்டுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை என் மகள் சொல்ல வந்தது இதுதான். அன்று வார்டு மேசை பழையதோடும், மருந்து அறை புதியதோடும் பேசிக்கொண்டிருந்தன. மருந்து அறையில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் கட்டம் காலியாக இருந்தது.

மாலை மூன்று நாற்பதுக்கு என் மகள் அறைக்குத் திரும்பி, கிழவன் ஓடுவதைக் கண்டு ஒயரைப் பிடுங்கி அணைத்தாள். எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ரூமுக்கு வந்தியா?"

"ஃபில்டர் தட்ட வந்தேன்."

"வேற?"

"வேற என்ன, ஒண்ணுமில்ல."

போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு, பழையதற்குள் போன நாற்பத்து மூன்று பதிவுகளையும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றாகப் புதியதில் அடிக்கத் தொடங்கினாள். முப்பத்தொன்றாவது பதிவு அந்தத் தையற்காரப் பெண்ணுடையது. அப்போது மணி நான்கு பத்து. ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளியாமல் கிடந்தவருக்கு நான்கு மணிக்கு அந்த ஊசியைப் போட்டிருந்தார்கள். என் மகள் ஓடியதை வராந்தாவில் நின்று பார்த்தேன். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. டாக்டர்கள் எல்லாம் செய்தும் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பெண் இறந்துபோனார். அவர் கணவர் அந்தச் சின்ன கவுனைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யாரிடம் கொடுப்பது என்று என்னிடம்தான் கேட்டார். யூனிஃபார்ம் போட்டிருந்ததால் என்னை ஏதோ பொறுப்பில் உள்ளவன் என்று நினைத்திருக்கிறார்.

மருத்துவமனை விசாரணையில் என் மகள், பழைய மெஷினைத் தானே அணைக்க மறந்ததாகவும், எச்சரிக்கை எதுவும் எழுதி ஒட்டவில்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதலில் வார்டுகளுக்குப் போன் செய்திருக்கலாமே என்று அவளைக் கேட்டார்களாம். கேட்கட்டும். அந்த நாற்பத்து மூன்றும் அங்கே போனது என்னால். வீட்டில் அவள் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். என் ஜோக்குக்கு மட்டும் சிரிப்பதில்லை. நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டு நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பயம். அதற்கு வேறு நல்ல பெயர் இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் பழியை ஏற்றுக்கொண்டது தெரிந்தும் சும்மா இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

என் மகள் ஒட்டிய தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். நான்கு மூலையிலும் டேப் இருக்கிறது. கையெழுத்து அவளுடையது. எழுதி ஒட்டவில்லை என்று அவள் சொன்னது பொய் என்பதற்கு இதுவே சாட்சி. அந்தப் பொய்யை ஏன் சொன்னாள் என்பது தாளின் இரண்டாவது வரியில் தெரியும். அதை எழுத்தர் படித்தபடியே இங்கே எழுதியிருக்கிறார்:

'அப்பா, உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.'

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எழுத்தர் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. அனைத்தும் நடந்தபடியே உண்மை.

(கையொப்பம்)