டிரான்சிஸ்டருக்கு ஒரு கம்பளிச் சட்டை

"அதோட சட்டையைக் கழட்டிப் பாக்கலாமாங்க?"

பண்ருட்டி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கை அம்மாள் இப்படிக் கேட்டது, கணவர் மடியில் இருந்த டிரான்சிஸ்டரைப் பற்றி. நிலக்கரித் தூசி படாமலிருக்கக் கம்பளியை இரண்டாக மடித்துத் தைத்து, பொத்தான்கூட வைத்திருந்தார்கள். உள்ளே யாரோ தலையணையில் முகம் புதைத்ததுபோல் பாடிக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு. நம்ம குவார்ட்டர்ஸ் ப்ளாக்கே பாராட்டின உறை அது. கோளாறு ஸ்பீக்கர்ல. பேட்டரி மாத்தியாச்சு, ஏரியல் இழுத்தாச்சு. மைன்ஸ்ல எத்தனை மோட்டார் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"பண்ருட்டிக் கடையில ரிப்பேருக்குக் குடுத்தா நாளைக்குத்தான் தருவான். என் தங்கச்சி இன்னைக்குச் சாயங்காலம் திருச்சி ரேடியோவுல முதல்முதலா பாடுறா. அதை நான் எதுல கேக்குறது?"

"கரி உள்ள போனா உன் தங்கச்சி இருமத்தான் செய்வா."

அந்த அம்மாள் உறையின் பொத்தான்களை அவிழ்த்தார். பாட்டு சட்டென்று எழுந்து பேருந்து முழுக்க நிறைந்தது. நடத்துனர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா? நான் மாத்தின பேட்டரி இப்பத்தான் சூடு பிடிக்குது" என்றார் கணவர்.

"பிடிக்கட்டும். வடக்குத்து ஸ்டாப்புல இறங்கி வீட்டுக்கே திரும்பிடலாம்."

நானும் அங்கேதான் இறங்கினேன்; அவர்கள் எதிர்ப்பக்கப் பேருந்துக்காக நின்றார்கள். சுரங்கத்துப் பக்கமிருந்து கறுப்பாய் ஒரு காற்று வந்தது. அவர் அவசரமாகத் தம் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, டிரான்சிஸ்டரை உள்ளே வைத்து மூடிக்கொண்டார்.

"மறுபடியும் சட்டையா?"

"இது ஒத்தைத் துணிடி. அவ குரல் தாராளமா வரும்."