மெதுவாக ஓடச் சொன்ன மேன்மைக்கு: உடற்கல்வி ஆசிரியை எர்மெலிந்தா கஞ்சான்யா அவர்களின் பணி நிறைவு மடல்

மந்தாரோ பள்ளத்தாக்கின் மைந்தர்களையும் மகளிரையும் முப்பத்தொரு ஆண்டுகள் மூச்சிரைக்காமல் முன்னேற்றிய முன்னோடியே, பதக்கத்தைவிடப் பிள்ளைகளின் பாதத்தைப் பெரிதெனப் போற்றிய பண்பாளரே, எங்கள் அன்பிற்கினிய எர்மெலிந்தா டீச்சர் அவர்களே, வணக்கம்.

இத்தகைய மடல்களில் அருங்குணங்களை அடுக்கிச் சொல்வது வழக்கம். ஆனால் இம்மடலைத் தாமே எழுதுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்ட கணித ஆசிரியர் எதில்பெர்த்தோ ரிக்சே, ஒரே ஓர் ஆண்டில் நடந்ததை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். படித்துப் பார்த்த நாங்கள் அனைவரும் கையொப்பமிட்டோம்.

காற்று மெலிந்த இந்த மலைப்பள்ளத்தில், நாள்தோறும் நாக்குத் தள்ள ஓடுவதே பயிற்சி என்று ஊர் நம்பியிருந்தது. தாங்களோ வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடும் ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு, மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகம் என்று வகுத்தீர்கள். சந்தைக்காரப் பெண்கள் விடவில்லை. "டீச்சர், உங்க புள்ளைங்க ஓடுதுங்களா, இல்ல கல்யாண வீட்டுக்குப் போகுதுங்களா?" என்று சீண்டினார்கள். தாங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள்; அட்டவணையை மாற்றவில்லை.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், ஆற்றுக்கு அக்கரைப் பள்ளியிடம் ஓட்டப் போட்டியில் நம் பள்ளி மூன்றாவது முறையாகத் தோற்றது. பெற்றோர் கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அப்போதைய தலைமையாசிரியர் அணியைத் தங்களிடமிருந்து எடுத்து, இளமையில் ஓட்டக்காரராக இருந்த எதில்பெர்த்தோவிடம் கொடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் மீது பாசம் குறைவில்லை. வலிக்காமல் வெற்றி வராது என்றுதான் அவர் கற்றிருந்தார். வாரம் ஆறு நாள் நானூறு மீட்டர் ஓட்டங்கள், ஒவ்வொரு வாரமும் அரை விநாடி குறைவாக. இரண்டே மாதத்தில் மாகாணக் கோப்பை வந்தது. ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. தோள்மேல் இருந்தபோது தங்கள் முகம் கண்ணில் படாதபடி திரும்பிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

மறுநாள் அவரைத் தனியே கண்டு, அணியின் முதல் ஓட்டக்காரி யானெத் ஒரிவேலாவைப் பற்றி ஒருமுறை மட்டும் சொன்னீர்கள்: "சார், அவளுக்குச் சாப்பாடு இறங்கல, தூக்கமும் இல்ல. காலையில எந்திரிக்கும்போதே நாடி படபடன்னு அடிக்குது. ஒரு வாரம் மட்டும் விட்டுருங்க."

ஜெயிக்கிற பிள்ளையை எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிப்பதை யானெத்தும் மறைத்துவிட்டாள். பதினைந்து வயதுக்காரிக்கு அணியை இழக்கும் பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

மாகாணங்களுக்கிடையிலான போட்டியில் ஐந்தாம் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கணுக்காலுக்கு மேல் எலும்பில் விரிசல். தலைநகர் லீமாவில் தேசியப் போட்டிக்குப் போகும் வாய்ப்பும், அதையொட்டி வரவிருந்த விளையாட்டு விடுதி இடமும் அன்றே கைநழுவின.

இரண்டு நாள் கழித்து, அவளுடைய தந்தை தெயோஃபிலோ வயலில் இருந்த கோலத்திலேயே ஆசிரியர் அறைக்கு வந்தார். குரல் உயரவில்லை. "யாரு என் பொண்ண இந்தப் பாடு படுத்துனது?" என்று மட்டும் கேட்டார். எதில்பெர்த்தோ மேசையில் கிடந்த விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினார். தாங்கள் எழுந்தீர்கள்.

"நாங்க ரெண்டு பேருந்தாங்க. அவ கால் சரியாகுற வரைக்கும் நாங்க ரெண்டு பேருமே பாத்துக்குறோம்."

அவர் போன பிறகு, தம்மீது கோபமில்லையா என்று எதில்பெர்த்தோ கேட்டார். "நெறையவே இருக்கு சார். ஆனா அந்தப் புள்ளைய மறுபடி நடக்க வைக்க எனக்கு இன்னொரு ஆள் வேணும்," என்றீர்கள்.

பன்னிரண்டு வாரம். முதலில் ஊன்றுகோல், பிறகு நடை, பிறகு மிதிவண்டி, கடைசியில் பேச்சுத் துணையோடு மெல்லோட்டம். கடும் பயிற்சியால் மாதவிலக்கு நின்றுபோயிருந்ததை அவளுடைய தாயிடம் தாங்கள் கேட்டறிந்தபோதுதான், தம் அட்டவணையில் அப்படியொரு கட்டமே இல்லை என்பது எதில்பெர்த்தோவுக்கு உறைத்தது. அவளுக்கு இணையாக மெதுவாக ஓட அவர் பழகினார். வேகமாக ஓடுவதைவிட அது கடினமாக இருந்ததாம். இரண்டு ஆண்டுகள் கழித்து லீமாவில் யானெத் ஆறாவதாக வந்தாள். பதக்கமில்லை. இன்று ஹவுஹா மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள், இன்னும் ஓடுகிறாள்.

ஒவ்வோர் அறுவடையிலும் தெயோஃபிலோ இருவர் வீட்டிலும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை இறக்கிவிட்டுப் போகிறார். அதை வாங்கும்போதெல்லாம் சொல்லாமல் விட்டதை எதில்பெர்த்தோ இன்று இங்கே சொல்கிறார். தெயோஃபிலோ அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். தங்கள் மகளை அந்தப் பாடு படுத்தியவர் இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் எதில்பெர்த்தோ ஒருவரே. எர்மெலிந்தா டீச்சர் அதைத் தடுக்கத்தான் வந்தார். அன்று அவர் சொன்னது உண்மையல்ல. அதை அறிந்தும் இத்தனை ஆண்டுகள் வாய்மூடியிருந்த குற்றம் எங்கள் எல்லோருடையதும்.

பெருந்தகையீர், தங்களை ஏத்தும் தகுதி எங்களுக்கு இனிமேல்தான் வரவேண்டும். தார்மாவில் மகள் வீட்டுப் பூந்தோட்டத்தில், பேரப்பிள்ளைகள் சூழ, நோயற்ற நெடுவாழ்வு தாங்கள் வாழ்க.

நன்றியோடும் வெட்கத்தோடும்,
எதில்பெர்த்தோ ரிக்சே,
மற்றும் பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவரும்.