ஆறு பட்டை மூங்கில் தூண்டில்

பழைய தூண்டில் கம்பில் சுற்றிய நூலைக் கத்தியால் அறுக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர். நகத்தால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

லாபிஸில் தோட்ட மேனேஜர் பங்களாவை இடித்தபோது குப்பையில் கிடந்தது அது. ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. பசை விட்டிருந்தது. கைப்பிடித் தக்கையை எலி கடித்திருந்தது. ஏழு மாதம் உட்கார்ந்தேன். பட்டைகளை மறுபடி ஒட்டி, பட்டு நூல் சுற்றி, ஆறு பூச்சு வார்னிஷ் அடித்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

என் மனைவி புஷ்பவள்ளியின் அண்ணன் தங்கராஜு அதைப் பார்த்துவிட்டு இரவல் கேட்டார். நான் அதை உறையில் போட்டுக் கட்டினேன்.

"எங்கண்ணன் வாய்விட்டுக் கேக்குறாரு. ஒரு குச்சிதானே, குடுங்களேன்," என்றாள் இவள். மச்சானுக்கு இல்லையென்று சொல்லிவிட்டு நம் வீடுகளில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா? கொடுத்தேன். கூடவே நானும் போனேன்.

எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக் குளம். பாத்தின் என்கிற கெளுத்தி மீனுக்கு அவர் கொண்டுவந்த இரை, இரண்டு நாள் வெயிலில் வைத்த கோழிக்குடல். டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வெறும் கையால் பிசைந்தார். அதே கையால் தக்கையைப் பிடித்தார். நடுவில் பிஸ்கட் தின்றார், விரலை நக்கினார், எச்சிலைத் தக்கையில் துடைத்தார். சீ. மனுஷன் செய்கிற காரியமா அது?

"கைய கழுவிட்டுத் தொடுங்க மச்சான்," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"அலமாக், நாறுனாத்தான் மீன் வரும் லா மாப்ள," என்று சிரித்தார்.

மீன் வந்தது. அது இழுத்த இழுப்பில் கால் சறுக்கிக் குளத்தில் விழுந்தார். நீச்சல் தெரியாதவர். நைலான் நரம்பு அறுந்து, கைநழுவிய தூண்டில் கரையிலேயே கிடந்தது. எடுத்தேன்.

"கம்ப நீட்டுங்க மாப்ள! நீட்டுங்க!"

ஒன்பதடிக் கம்பு. அவர் ஆறடி தூரத்தில் இருந்தார். ஆனால் அவர் எண்பது கிலோ. நான் போட்ட ஒட்டு அதைத் தாங்காது. அதனால் தூண்டிலைப் பத்திரமாக ஒரு செம்பனை மரத்தில் சாய்த்து வைத்தேன்.

எட்டவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய்தான். என் மணிக்கட்டில் கீறல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அவரே தத்தளித்துக் கரைவரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குடல் கொழுப்பு ஒட்டிய அந்த விரல்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிரித்தெடுத்தேன். நகத்தால், ஒவ்வொரு விரலாக. அவசரப்படவில்லை.

பிறகு பையிலிருந்த சோப்பை எடுத்துத் தக்கையை மூன்று தடவை கழுவினேன். துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் போம்பா தீயணைப்புப் படைக்குப் போன் செய்தேன். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. பெண் எடுத்த வீட்டு மனிதர்.

தூண்டிலை உங்கள் ஆட்கள் சாட்சிப் பொருள் என்று எடுத்துப் போனார்கள். கை கழுவிவிட்டா தொட்டார்கள்?