பயிற்சிக்கு வந்தவள்

வாழைப்பழத்தை வட்டமாக வெட்டினால் என் மகன் ஆர்லோ தொட மாட்டான். நீளவாக்கில் பிளந்து கொடுக்க வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்த அன்றே இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாது. யாராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மொய்ரா தெரிந்து வைத்திருந்தாள். பதினான்கு வருடம் அங்கே இரண்டு வயதுக் குழந்தைகளின் அறையில் வேலை பார்த்தவள். ஜனவரியில் முழங்கால் வலி தாங்காமல் நின்றுவிட்டாள். அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் ஒரு புது முகம். தற்காலிக ஆள் தரும் ஏஜென்சி அனுப்பும், வெள்ளிக்கிழமையோடு போய்விடுவார்கள். ஒருத்தி நாள் முழுக்க ஆர்லோவை ஆல்ஃபி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் இருந்த கவலை இல்லை இது. வாசலில் எல்லா அம்மாக்களும் இதைத்தான் பேசினார்கள். ஹேசலின் மகளும் அதே அறை. "நேத்து வந்தவ பேருகூட எனக்குத் தெரியாது. நாய்க்குட்டிய விட்டுட்டுப் போறதுன்னாக்கூட நாலு வார்த்த விசாரிப்போம்" என்றாள். நிரந்தர ஆள் வேண்டும், அறைகளில் கேமரா வேண்டும் என்று நான் கடிதம் எழுதினேன், பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாகி லொரெய்ன் எங்களை உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள்.

"ஆளே கிடைக்கல, என்ன பண்றது? படிக்கிற பிள்ளைங்களும் எங்கயாவது வந்து கத்துக்கத்தானே வேணும்?"

"கத்துக்கட்டும். என் பையன் மேல வேண்டாம்" என்றேன். ஹேசல் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அடுத்த வாரம் டீகன் வந்தாள். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு. பதினெட்டு வயது, நகத்தில் பாதி உதிர்ந்த நீலச் சாயம், இரண்டு பஸ் மாறி வருவாள். மற்றவர்களிடம் எல்லாம் அழுத ஆர்லோ பத்தே நாளில் அவளிடம் அழுகையை நிறுத்திவிட்டான். ஒரு நாள் நான் கூட்டிவரப் போனபோது அவள் மடியில் இருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு முகத்தை அவள் ஸ்வெட்டருக்குள் புதைத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் விளையாடணுமாம், ஆர்லோ அம்மா" என்று சிரித்தாள். "அப்புறம், வாழப்பழம் வட்டமா வெட்டினா சாப்பிட மாட்டான்னு எழுதியிருந்தீங்கல்ல? பஸ் சக்கரம்னு சொல்லிக் குடுத்தேன். கேட்டு வாங்கித் தின்னான்."

எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது. பொறாமை இல்லை. பயிற்சி முடியாத ஒருத்தி எழுதிக் கொடுத்ததை மீறினாள் என்பதுதான் விஷயம். லொரெய்னிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள். "குழந்த நல்லா சாப்பிட்டான்னு புகார் எழுத முடியுமாங்க? அவ மேல நடவடிக்கை எடுக்கணும்னா கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதாவது இருக்கணும்."

கேட்டது அவள்தான். நான் வேறொன்றும் செய்யவில்லை, கேட்டதைக் கொடுத்தேன்.

டீகனின் கைகள் சிறியவை. என் கை அளவுதான் இருக்கும், அதை முன்பே கவனித்திருந்தேன். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவனைக் குளிப்பாட்டினேன். இடது புஜத்தை இறுக்கிப் பிடித்து, ஐம்பது எண்ணும்வரை விடவில்லை. தடுப்பூசிக்கு அழுததைவிடக் குறைவாகத்தான் அழுதான். பிறகு பாட்டுப் பாடித் துவட்டிவிட்டேன். காலையில் நான்கு விரலும் கட்டைவிரலும் தெளிவாகத் தெரிந்தன.

காப்பகத்தில் நடந்தது என்று டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அவனிடமே கேட்டார். "யாருப்பா இது பண்ணினது?"

"அம்மா" என்றான்.

"வலிச்சா என்னத்தான் கூப்பிடுவான்" என்றேன். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை ஆள் பற்றாமல் டீகனை அவனோடு தனியாக விட்டிருக்கிறார்கள், டயப்பர் மாற்ற. அது விதிப்படி தப்பு. ஆகவே லொரெய்னால் அவளுக்காக வாய் திறக்க முடியவில்லை. கல்லூரி அவளை நீக்கியது. ஊர் முகநூல் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் அழுகிற முகக்குறி மட்டும்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். குடை இல்லாமல் நனைந்திருந்தாள்.

"நான் அவன அப்படிப் பண்ணுவேனா? நீங்களே சொல்லுங்க. நீங்க தினமும் பாத்திருக்கீங்கல்ல."

"அத போலீஸ்கிட்ட சொல்லும்மா" என்றேன்.

குரல் கேட்டு ஆர்லோ "டீ, டீ" என்று ஓடிவந்தான். நான் கதவைச் சாத்தினேன். அவன் உள்ளேயிருந்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே இருந்தான். வெளியே அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மறுவாரம் மாத்திரைகளை விழுங்கி மருத்துவமனையில் கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன். பிழைத்துவிட்டாள். குழந்தைகளோடு வேலை செய்ய அவளுக்கு மனத்திடம் போதாது என்று நான் முதலிலேயே நினைத்தேன்.

அம்மாக்கள் எனக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். பயிற்சிக்கு ஆள் எடுப்பது நின்றது. நாங்கள் கேட்டபடி எல்லா அறையிலும் கேமரா வந்தது.

மே மாதம் ஏஜென்சியிலிருந்து டோரத்தி வந்தாள். ஐம்பது வயது, அனுபவம் உண்டு. அவள்மேல் எனக்குக் குறையே இல்லை. ஒரு காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆர்லோ உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அன்று மாலை வலது கை.

டோரத்தி மேல் புகார் கொடுத்தபோது கேமராவைப் பற்றி எனக்கு நினைவில்லாமல் இல்லை. அவன் அரைக்கைச் சட்டையில் வீட்டுக்குக் கிளம்பியது அதில் பதிவாகியிருக்கும் என்பதுதான் தோன்றவில்லை. இங்கே ஸ்டேஷனில் நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். வலது கையில் ஒன்றுமில்லை. அந்தக் கையை டோரத்தியிடம் ஆட்டிவிட்டு வருகிறான்.

ஆமாம், இரண்டு முறையும் நான்தான். டீகன் அவனை ஒன்றும் செய்யவில்லை. டோரத்தியும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவனை இப்போது வேறொரு அம்மாள் வீட்டில் வளர்க்க விட்டிருப்பதாகச் சொன்னீர்கள். தற்காலிகமாகத்தான் என்றீர்கள். அந்த அம்மாள் யார், எத்தனை வருட அனுபவம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நன்றாகத் தூங்குகிறான், ஒரு தடவைகூட அழவில்லை என்று மட்டும் சொல்கிறீர்கள்.

பெற்றவளுக்கு அதைக் கேட்டுப் பயம் வராதா? அவள் அவனை ஏதோ செய்கிறாள்.