நற்கருணை வரிசை

ஞாயிறு பூசைக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அப்பாவின் அடக்கத்தன்று என் தம்பி கதிரவன் குடித்துவிட்டு வந்து சவப்பெட்டியைத் தூக்கப் போனான். கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தேன். அதில் பாவம் இல்லை. ஆண்டவரே கோயிலில் சாட்டை எடுத்தவர்தான்.

ஆனால் கோபம் போகவில்லை. சகோதரன்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்றார் ஃபாதர். "மொதல்ல தம்பிகிட்ட சமாதானமாயிட்டு வாங்க, சவுரியப்பன்."

நான் சொன்னதைக் கேட்கிறவன். மூன்று வருஷமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் மட்டும் கைகூப்பிக்கொண்டு வரிசையில் போவான், என்னைத் தாண்டித்தான் போவான். குடியை விட்டுவிட்டானாம். எனக்கு வயிறு எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபம் சொல்வேன்.

போன வியாழக்கிழமை எங்கள் இருவருக்கும் பொதுவான தோட்டக் கிணற்றில் மோட்டார் குழாய் சேற்றில் அடைத்துக்கொண்டது. இரண்டு பேர் தக்காளிச் செடிகளும் வாடின. அவன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். அறுபது அடி, கீழே பாறை, முழங்கால் தண்ணீர். வேலை முடிந்து அவன் பாறையில் கால் ஊன்றி ஏற, நான் மேலே கப்பியில் இழுத்தேன். அவன் தலை தெரிந்தது. இதுதான் நேரம் என்று தோன்றியது.

"உன்ன மன்னிச்சிடலாம்னு இருக்கேன்டா" என்றேன்.

அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "நான் உங்கள அன்னிக்கே மன்னிச்சிட்டேங்ண்ணா. இழுங்க."

என்னை, அவன். கோயில் வாசலில் குடித்துவிட்டு நின்றவன், நியாயத்துக்காகக் கை ஓங்கிய என்னை மன்னித்துவிட்டானாம். அதனால்தான் ஞாயிறுதோறும் அவ்வளவு நிம்மதியாக வரிசையில் போயிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை அவனை அடக்கம் செய்து முடிந்ததும் அவன் மனைவி ஜாஸ்மின் என்னிடம் வந்தாள். "கயிறு அறுந்துபோச்சுங்களா, மாமா?" பொய் சொல்வது பாவம். அதனால் நான் பேசவே இல்லை. எங்கும் அறுபடாத அந்த முழுக் கயிற்றை அவள்தான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

நேற்று ஞாயிறு. வரிசையில் நின்று நற்கருணை வாங்கினேன். ஃபாதர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கோபப்பட எனக்கு இனி தம்பி இல்லை, மனம் லேசாக இருந்தது.

கயிறு நழுவியது என்று எழுதாதீர்கள், ஐயா. நான்தான் விட்டேன். கோபத்தில் விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.